பழைய ரிவால்வர் சேகரிப்பு: அசலையும் அக்கால நகலையும் அடையாளம் காணும் முறை

பழங்கால ரிவால்வர்களைச் சேகரிக்க விரும்புவோர் முதலில் தம் நாட்டு ஆயுதச் சட்டத்தைப் படிக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாக ஏற்கிறது. பிற நாடுகளில் வரம்பும் நிபந்தனையும் வேறுபடுவதால், உரிமம் வேண்டுமா என்பது உறுதியாகும் வரை எதையும் வாங்கக் கூடாது.

அடுத்து, ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து அதில் ஆழமாகத் தேர்ச்சி பெறுங்கள். தொடக்கத்துக்கு 1851ஆம் ஆண்டின் கோல்ட் நேவி மாதிரியைப் பரிந்துரைக்கிறேன். சாமுவேல் கோல்ட் தம் ரிவால்வருக்கு 1836இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1857இல் முடிந்ததும் அந்நாட்டுப் போட்டியாளர்களுக்கு வழி திறந்தது; பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகளோ உரிமம் பெற்றும் பெறாமலும் நேவி மாதிரியைச் செய்து தள்ளின. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, எஃகுத் தட்டுப்பாட்டில் தவித்த தெற்குப் பகுதியில், ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் நிறுவனம் பித்தளைச் சட்டகத்துடன் சுமார் 3,700 நகல்களைச் செய்தது. 1864 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. இவற்றைப் போலி என்று ஒதுக்குவது பெரும் பிழை. இன்று அவற்றில் பல, அசல் கோல்ட்டை விடவும் அரியவை.

மூன்றாவது படி, கையில் எடுத்துப் பார்ப்பது. குண்டு நிரப்பும் சுழல் உருளையின் அறைகளில் பழைய வெடிமருந்து இன்னும் இருக்கக்கூடும் என்பதால், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சோதித்துத் தந்த பிறகே ஆராயுங்கள்.

கோல்ட்டில் குழல், சட்டகம், விசைக்காப்பு (விசையைச் சுற்றிய வளையம்), உருளை, ஆப்பு (குழலைச் சட்டகத்துடன் பிணைக்கும் துண்டு) ஆகியவற்றில் பொறித்த வரிசை எண்கள் ஒத்துப்போக வேண்டும். நேவி உருளையைச் சுற்றி 1843ஆம் ஆண்டின் கம்பெச்சே கடற்போர்க் காட்சி செதுக்கப்பட்டிருக்கும். தேய்ந்த உருளையில்கூட, சாய்வான வெளிச்சத்தில் பாய்மரங்களின் தடம் தெரியும். கிரிஸ்வோல்ட் உருளையில் காட்சி இராது. மாறாக, முறுக்கி அடித்த இரும்பின் மெல்லிய சாய்வரிகளைப் பல உருளைகளில் காணலாம். லியேஜ் நகலில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகளும் நட்சத்திரமும் கொண்ட சோதனை முத்திரையை, அதாவது துப்பாக்கியின் வலிமையைச் சோதித்ததற்கான அடையாளத்தை, தேடுங்கள். அதன் மேல் கிரீடம் இருந்தால், முத்திரை 1893க்கு முற்பட்டதன்று.

ஏமாற்று நடப்பது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு இத்தாலிய மறுதயாரிப்புகளை வைத்துத்தான். அவற்றின் முத்திரையை அராவி எடுத்து, அமிலத்தால் துருவேற்றி, போர்க்காலப் பொருள் என்று விற்பார்கள். குழலின் பரப்பில் எங்கேனும் லேசான பள்ளம் தென்பட்டால் சந்தேகப்படுங்கள். அசல் நேவியும் கிரிஸ்வோல்ட் நகலும் 0.36 அங்குலக் குழல் விட்டம் கொண்டவை, ஆகவே 0.44 அளவில் பித்தளைச் சட்டக 'நேவி' ஒன்றைக் காட்டினால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

வாங்கியதை ஒருபோதும் மெருகேற்றாதீர்கள். பழைய நிறம் போனால் மதிப்பும் சான்றும் சேர்ந்தே போகும்; மென்துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும். தோலுறையில் வைக்காமல் தனியே வையுங்கள், ஏனெனில் தோல் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும்.