செக்குபந்தி சரியாக இருக்கிறதா? காப்புரிமை விவரக்குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போன வருஷம் ஆடி மாதத்தில் என்னிடம் வந்தார். சேகோ ஃபேக்டரிகளுக்கு வறுசட்டி செய்து கொடுப்பவர். உருட்டிச் சலித்த ஈர ஜவ்வரிசியைச் சூடான சட்டியில் லேசாக எண்ணெய் தடவிக் கிளறி எடுப்பார்கள். கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும், அழுத்திக் கிளறினால் மணி நசுங்கும். இவர் சட்டியையே சுற்றவிட்டு, அதன் மேல் ஒரு வழிப்புத் தகட்டை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டிருந்தார். மணி கட்டியாகத் திரண்டு வந்தால் தகடு தானாக மேலே எழும்பி வழி விடும், கட்டி நகர்ந்ததும் கீழே இறங்கும். நல்ல யோசனை. கையோடு ஒரு ஏ4 தாளும் கொண்டு வந்திருந்தார். "ஸ்பெக் நானே எழுதிட்டேன் சார், ஃபைல் மட்டும் பண்ணிக் குடுங்க."

அந்தத் தாளில் இருந்தது இதுதான்: 304 கிரேடு எவர்சில்வர் சட்டி, 1 எச்பி மோட்டார், சட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி, இரண்டு காயில் ஸ்பிரிங். கீழே, 'இந்த இயந்திரத்துக்கு உரிமை கோருகிறோம்.'

கொட்டேஷனாக இது குறையில்லாதது. காப்புரிமை விவரக்குறிப்பாக, அதாவது கண்டுபிடிப்பை விளக்கிப் பேடன்ட் கேட்டுத் தாக்கல் செய்யும் ஆவணமாக, இதை வைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்காரரைக்கூடத் தடுக்க முடியாது.

நிலப் பத்திரம் எழுதியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்திரத்தில் பாட்டன் காலத்துக் கதை பத்து பக்கம் இருக்கலாம். தகராறு என்று வந்தால் எல்லாரும் பார்ப்பது செக்குபந்தியைத்தான்: வடக்கே இன்னார் காடு, கிழக்கே வண்டிப்பாதை. விவரக்குறிப்பின் கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக் கோரல்கள், அதாவது கிளெய்ம்கள், அந்த செக்குபந்தி வேலையைத்தான் செய்கின்றன. அதில் 'காயில் ஸ்பிரிங்' என்று எழுதினால் காயில் ஸ்பிரிங் வரைக்கும்தான் உங்கள் நிலம். நாளைக்கு ஒருவர் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் புஷ் வைப்பார், இன்னொருவர் எடைக்கல் தொங்கவிடுவார். இருவருமே உங்கள் எல்லைக்கு வெளியில் நிற்பதாக வாதாடுவார்கள், அந்த வாதம் பெரும்பாலும் எடுபடும்.

அவரிடம் கேட்டேன்: "அண்ணா, ஸ்பிரிங் இல்லாம இந்த வேலை நடக்குமா?" கொஞ்சம் யோசித்தார். "எழும்பி இறங்கணும், அவ்வளவுதான். எதுல தொங்கினா என்ன?" அப்போது கண்டுபிடிப்பு ஸ்பிரிங்கில் இல்லை. ஜவ்வரிசியின் அழுத்தத்துக்குத் தகுந்தபடி தகடு எழும்பி இறங்குகிறதே, அதில் இருக்கிறது. முதல் கோரலை இப்படி மாற்றினோம்: 'சுழலும் வறுசட்டி ஒன்றையும், அதன் பரப்புக்கு மேலே அமைந்த வழிப்புத் தகடு ஒன்றையும், சட்டியிலுள்ள பொருளின் அழுத்தத்துக்கு ஏற்பத் தகடு மேலும் கீழும் நகரும்படி அதைத் தாங்கும் மீள்தாங்கி ஒன்றையும் உள்ளடக்கிய வறுக்கும் கருவி.' மோட்டாரின் குதிரைத்திறன் போயிற்று, 304 கிரேடு போயிற்று. இரண்டாவது கோரலில் 'அந்த மீள்தாங்கி ஒரு ஸ்பிரிங்' என்று வந்தது. மூன்றாவதில் ரப்பர் புஷ், நான்காவதில் அந்த 2 மி.மீ. முதல் கோரல் காப்புரிமை அலுவலகப் பரிசோதகரிடம் அடிபட்டால் பின்வாங்கி நிற்க இடம் வேண்டும், அதற்குத்தான் இந்தச் சார்புக் கோரல்கள்.

'உள்ளடக்கிய' என்ற சொல்லும் சும்மா வரவில்லை. ஆங்கிலத்தில் 'கம்ப்ரைசிங்' என்று எழுதினால், இவையெல்லாம் இருந்தால் போதும், மேற்கொண்டு எது சேர்ந்தாலும் அது நம் எல்லைக்குள்தான். 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்றால் இவை மட்டும்தான். ஒருவர் ஒரு மூடியைச் சேர்த்துவிட்டு, நான் வெளியே என்று சொல்லிவிடலாம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்ட வரைவுகளைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 'ஜவ்வரிசியை நசுங்காமல், அடிப்பிடிக்காமல் வறுக்கும் எந்த இயந்திரமும்' என்று எழுதுவது. இது பலனைக் கேட்கிறது, அதை அடைந்த வழியைச் சொல்லவே இல்லை. ஊரையே வளைத்து வேலி போட்ட மாதிரி. தெளிவில்லை என்று முதல் பரிசோதனை அறிக்கையிலேயே திரும்பி வரும்.

இப்போது இன்னொரு ஓட்டை. கோரலில் 'மீள்தாங்கி' என்று அகலமாகப் போட்டுவிட்டு, விளக்கப் பகுதியில் ஸ்பிரிங்கை மட்டும் விவரித்தால் செல்லாது. கோரலில் உள்ளது எதுவானாலும் விளக்கத்தில் அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். அதனால் ரப்பர் புஷ் வைத்தால் எப்படி இருக்கும், எடைக்கல் வைத்தால் நெம்புகோல் எங்கே வரும் என்று இரண்டு பத்தியும் ஒரு படமும் கூடுதலாகச் சேர்த்தோம். "நான் செய்யாததை எதுக்கு எழுதணும்?" என்று அவர் தயங்கினார். விஷயம் தெரிந்தவர் படித்தால் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதியிருந்தால் போதும், எல்லாவற்றையும் பட்டறையில் செய்து முடித்திருக்க வேண்டியதில்லை.

விட்டுப்போனதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் நான் பார்த்ததில் அதிகம் பேரைக் கவிழ்த்தது. காப்புரிமைச் சட்டம், 1970-இன் 59ஆம் பிரிவு திருத்தத்துக்கு இடம் தருகிறது. ஆனால் எல்லையைக் குறைத்துக்கொள்ளலாம், பிழை திருத்தலாம், விளக்கலாம். முதலில் இல்லாத புது விஷயத்தை உள்ளே கொண்டுவர முடியாது.

இந்தப் பாடத்தை நான் படித்தது என் சொந்தச் செலவில். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நண்பனின் கருவிக்குத் தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது புரொவிஷனல், ஒன்றரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன். கோரல்கள் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது, அப்புறம் என்ன என்ற தைரியம். எது முன்பே வெளியானது என்று கணக்கிட உதவும் தாக்கல் தேதி கிடைத்தால் போதும் என்று நினைத்தோம். கருவியின் உயிரான பூட்டு அமைப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஒன்பது மாதம் கழித்து முழு விவரக்குறிப்பை விலாவாரியாக எழுதியபோது அந்தப் பூட்டுக்குப் பழைய தேதி கிடைக்கவில்லை. நடுவில் நண்பன் இரண்டு கருவிகளை விற்றிருந்தான். அவன் விற்பனையே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. புரொவிஷனல் என்பது துண்டுச்சீட்டு என்ற எண்ணத்தை அன்றோடு விட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி. அதைத் தாக்கல் செய்த 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போயாக வேண்டும், போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

விற்பனை என்றதும் ஏற்காட்டுக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. அங்கே காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். உயரத்தில் இருக்கும் சரத்தைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணிதான், சறுக்கினால் போச்சு. ஓர் எஸ்டேட் மேஸ்திரி கீழே நின்றபடியே சரத்தைக் கிள்ளிப் பையில் சேர்க்கும் ஒரு துரட்டி செய்தார். மே மாதக் கோடை விழாவுக்கு மலையேறி வந்தவர்களுக்கெல்லாம் அதை இயக்கிக் காட்டினார். ஒருவர் எடுத்த வீடியோ நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அதற்குப் பிறகு என்னிடம் வந்தார். நம் சட்டத்தில் சலுகைக் காலம் இருக்கிறது, ஆனால் அது எல்லாக் காட்சிக்கும் பொருந்தாது. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் வைத்திருந்தால் 12 மாதம் அவகாசம் உண்டு. அனுமதி இல்லாமல் பிறர் வெளியிட்டது, நியாயமான சோதனைக்காகப் பொதுவில் இயக்க வேண்டியிருந்தது போன்றவற்றுக்குத் தனி விதிவிலக்குகள் இருக்கின்றன. தானே ஊருக்குக் காட்டியதற்கு இல்லை. முதலில் தாக்கல், அப்புறம் ஸ்டேட்டஸ்.

அதே மேஸ்திரி கொடியைக் கவாத்து செய்ய ஒரு புது முறையும் வைத்திருந்தார், அதற்கும் கேட்டார். விவசாய முறைகளுக்குக் காப்புரிமை கிடையாது, சட்டத்தின் 3ஆம் பிரிவு பட்டியலிலேயே இருக்கிறது. கத்தி புதிதாக இருந்தால் கத்திக்குக் கேட்கலாம். எழுத உட்காரும் முன் அந்த 3ஆம் பிரிவை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுவது நல்லது. தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பாகாது. மஞ்சளும் மிளகும் கலந்தேன் என்றால், கலவையில் தனித்தனிக் குணங்களின் கூட்டல் தாண்டி எதுவும் இல்லாதவரை அதுவும் ஆகாது. பாட்டி வைத்தியத்தைப் புதிது என்று எழுதுவதும் அப்படித்தான். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். நம் மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டி எதிர்த்து, 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது.

பழையதைத் தேடாமல் எழுதுவது அதற்கு அடுத்த வீட்டுத் தவறு. "சேலத்துல யாரும் செய்யல சார்" என்பது தேடல் ஆகாது, உலகத்தில் எங்கே வெளியாகியிருந்தாலும் கணக்குதான். காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம், கூகுள் பேடன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் மூன்றும் இலவசம். பட்டறைக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வது மிர்சாபூர் வழக்கு. கடைசல் மிஷினில் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு அங்கே ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்கியிருந்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம், தெரிந்த ஒன்றில் செய்த சாதாரணப் பட்டறை மேம்பாடு போதாது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. பாத்திரப் பட்டறைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இந்தத் தீர்ப்பைத் தெரியாமல் இருக்கக் கூடாது. தேடிக் கிடைத்ததை மறைக்காமல் எழுதி, அதிலிருந்து நம்முடையது எங்கே விலகுகிறது, அதனால் என்ன தொழில்நுட்பப் பலன் என்று காட்டுங்கள். 'புரட்சிகரமான', 'உலகின் முதல்' போன்ற சொற்களைப் பரிசோதகர் தாண்டிப் போய்விடுவார்.

சூட்சுமத்தை மட்டும் மறைத்துவிட்டு மற்றதை எழுதுகிறேன் என்பவர்களும் வருகிறார்கள். சட்டியின் சூட்டை எவ்வளவில் வைப்பது என்பது அவருக்கு மட்டும் தெரியும், அதை எழுத மனசு வராது. விண்ணப்பதாரருக்குத் தெரிந்த சிறந்த முறையைச் சொல்ல வேண்டும் என்பது 10ஆம் பிரிவின் கட்டளை. மறைத்து வாங்கிய உரிமையை 64ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். ரகசியமாக வைக்க வேண்டுமென்றால் காப்புரிமைப் பக்கமே போகாமல் ரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஒரு வழிதான். இரண்டும் வேண்டும் என்றால் கிடைக்காது.

மொழி விஷயம். விவரக்குறிப்பு ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருக்க வேண்டும், தமிழில் ஏற்பதில்லை. அதனால் நேரே ஆங்கிலத்தில் உட்கார்ந்து, இங்கே 'பேன்', அங்கே 'வெஸல்', வேறொரு இடத்தில் 'டிரே' என்று ஒரே சட்டிக்கு மூன்று பெயர் வைத்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு மூன்று பொருள்கள். நான் முதலில் தமிழில், புதிதாகச் சேர்ந்த ஃபிட்டருக்குச் சொல்வது போல எழுதச் சொல்கிறேன். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பெயர், ஓர் எண்: வறுசட்டி 10, வழிப்புத் தகடு 20, மீள்தாங்கி 30. படத்திலும் அதே எண். ஆங்கிலமாக்கும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

சின்னச் சின்ன விதிகள்: தலைப்பு சாதாரணமாக 15 சொற்களுக்குள், சுருக்கம் 150 சொற்களுக்குள். படம் ஏ4 தாளில் கோட்டுப்படமாக இருக்கட்டும், அதில் அளவு குறிக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் வரைந்த கேட் (CAD) டிராயிங்கை அளவுகளோடு அப்படியே ஒட்டுவது நம் ஊர்ப் பழக்கம். தனிநபர் இணையத்தில் தாக்கல் செய்ய 1,600 ரூபாய், அதில் 30 பக்கமும் 10 கோரல்களும் அடங்கும். அதற்கு மேல் பக்கத்துக்கு 160, கோரலுக்கு 320. தாக்கல் செய்ததும் 'பேடன்ட் வாங்கிவிட்டோம்' என்று ஃபிளெக்ஸ் அடிக்காதீர்கள். 18 மாதத்தில் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாவதும் உரிமை ஆகாது. பரிசோதிக்கக் கேட்டு ஃபார்ம் 18 தனியாகப் போட வேண்டும், இப்போதைய விதிப்படி 31 மாதத்துக்குள்.

வறுசட்டிக்காரரின் கோப்பை முடிக்கும் நாளில் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது: கண்டுபிடித்தவர் பெயர். தன் பெயரையும், கல்லூரியில் படிக்கும் மகன் பெயரையும் சொன்னார். மகன் என்ன செய்தான் என்று கேட்டேன். டைப் அடித்துக் கொடுத்தானாம். "தகட்டை ஸ்பிரிங்ல தொங்கவிடலாம்னு முதல்ல சொன்னது யாருங்க?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம வெல்டர் தம்பிதான்." கண்டுபிடிப்பில் பங்கில்லாதவரைச் சேர்ப்பதும், பங்குள்ளவரை விடுவதும் பின்னால் உரிமையையே ஆட்டிவைக்கும் என்று சொன்னேன். மகன் பெயரை எடுத்தோம். வெல்டரின் உரிமையை விண்ணப்பதாரருக்கு மாற்றிக்கொடுக்கும் தாள் ஒன்றும் தயாரானது. மறுநாள் அந்தத் தம்பி கையெழுத்துப் போட வந்தபோது, ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதிக நேரம் ஆயிற்று.