நாட்டியை நம்ம மெஷின்லயே கம்பைல் பண்றது எப்படி

கிராஃப் தியரில வேலை பார்க்கிறவங்க என்னைக்காவது ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிப்பீங்க: பத்து வெர்டெக்ஸ் (புள்ளி) இருக்குற எல்லா கிராஃபையும் (புள்ளிகளும் அதுகளை இணைக்கிற கோடுகளும்) ஒண்ணு விடாம, ஒரே கிராஃப் ரெண்டு தடவை வராம எப்படி எடுக்கறது? லேபிள் போட்டு எண்ணினா 2-ன் அடுக்கு 45, அதாவது 35 லட்சம் கோடிக்கு மேல, ஐசோமார்ஃபிக்கா இருக்கறதை (லேபிளை மாத்திப் போட்டா ஒண்ணாவே ஆயிடற கிராஃபை) ஒண்ணா சேர்த்துட்டா வெறும் 1,20,05,168 தான். இதை லேப்டாப்லயே சில விநாடில முடிக்கிற சாஃப்ட்வேர்தான் நாட்டி, ஆஸ்திரேலியன் நேஷனல் யுனிவர்சிட்டில இருந்த பிரெண்டன் மெக்கே எழுதினது, கூடவே ரோம்ல இருக்கற அடோல்ஃபோ பிபெர்னோவோட ட்ரேசஸும் (இதே மாதிரி வேலைக்கான இன்னொரு புரோகிராம்) அதே பேக்கேஜ்ல வருது. ஓப்பன் சோர்ஸ், முழுக்க சி மொழி.

இதுக்காக முழு சேஜ்மேத்தையும் (நாட்டியையும் உள்ள வச்சிருக்கற பெரிய கணித சாஃப்ட்வேர்) சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ண உக்காராதீங்க, அது மணிக்கணக்குல ஓடும், நாட்டி மட்டும் போதும்னா சில நிமிஷ வேலை. (கமாண்டை இங்க தமிழ் எழுத்துல சொல்றேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிங்க.)

உபுண்டுல முதல்ல கம்பைலர் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்'. மேக்ல எக்ஸ்கோட் கமாண்ட் லைன் டூல்ஸ், விண்டோஸ்னா டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி) போட்டுக்கிட்டு அதுக்குள்ள உபுண்டு மாதிரியே பண்ணுங்க. அப்புறம் நாட்டியோட டார் ஃபைலை இறக்கி பிரிச்சு அந்த ஃபோல்டருக்குள்ள போய் './கன்ஃபிகர்', அது முடிஞ்சதும் 'மேக்'. அவ்ளோதான். ஆப்ட்லயே நாட்டி கிடைக்குமேன்னு கேப்பீங்க, கிடைக்கும், ஆனா அங்க புரோகிராம் பேரெல்லாம் முன்னொட்டோட இருக்கும், கிராஃபை உருவாக்கித் தர்ற ஜென்ஜிங்கற புரோகிராம் 'நாட்டி-ஜென்ஜி'ன்னு இருக்கும், வெறும் ஜென்ஜின்னு அடிச்சுட்டு கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வருதேன்னு குழம்ப வேண்டாம்.

ஒரு விஷயத்துல நான் ரெண்டு நாள் தொலைச்சேன். என் லேப்டாப்ல பில்ட் பண்ணின ஜென்ஜியை அப்படியே காப்பி பண்ணி ஒரு பழைய சர்வர்ல போட்டு ஓட்டினா 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'னு செத்துப்போச்சு, நான் கோட்ல என்ன தப்புன்னு தேடிட்டு இருந்தேன். கோட்ல தப்பே இல்ல. கன்ஃபிகர் தானாவே அந்த மெஷினோட பிராசசருக்குன்னே டியூன் பண்ணி கம்பைல் பண்ணுது, வேற மெஷின்லயும் ஓடணும்னா கன்ஃபிகர் பண்ணும்போதே '--எனேபிள்-ஜெனரிக்' குடுக்கணும், இல்லைன்னா அந்த சர்வர்லயே பில்ட் பண்ணணும். முடிஞ்சா ரெண்டாவதையே பண்ணுங்க, வேகம் குறையாது.

பில்ட் ஆயிடுச்சுன்னு உடனே ரிசர்ச்சுக்கு இறங்காதீங்க, முதல்ல தெரிஞ்ச விடை வருதான்னு பாருங்க. கிராஷ் ஆனா கண்ணுக்குத் தெரியும், தப்பான எண்ணிக்கை அப்படியே பேப்பருக்குள்ள போயிடும். './ஜென்ஜி 8 -யு'ன்னு அடிச்சா (யு-ன்னா கிராஃபை எழுதாம எண்ணிக்கை மட்டும்) 12,346 வரணும், கனெக்டட் (எல்லாப் புள்ளியும் ஒண்ணோட ஒண்ணு தொடர்புல இருக்கறது) மட்டும் கேக்க '-சி' சேர்த்தா 11,117. முன்னாடி இருக்கற புள்ளியும் ஸ்லாஷும் முக்கியம், இல்லைன்னா ஷெல் இந்த ஃபோல்டர்ல தேடாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் இன்னொண்ணு: 10 வெர்டெக்ஸ், கனெக்டட், ட்ரையாங்கிள் கூடாது, நாலு வெர்டெக்ஸ் சைக்கிள் கூடாது, குறைஞ்சபட்ச டிகிரிக்கான சின்ன டி, அதிகபட்ச டிகிரிக்கான பெரிய டி ரெண்டுக்கும் 3 (எல்லா வெர்டெக்ஸும் டிகிரி 3, அதாவது ஒவ்வொண்ணுலயும் மூணு கோடு). ஒரே ஒரு கிராஃப் வரும், பீட்டர்சன் கிராஃப்! முதல் தடவை அது திரைல தனியா வந்து நின்னப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

பெரிய ஓட்டத்துக்கு முன்னாடி டிஸ்க் கணக்கு போடுங்க. ஜென்ஜி எழுதற கிராஃப்6 ஃபார்மட்ல (ஒரு கிராஃப் ஒரு வரி எழுத்தா வரும்) 10 வெர்டெக்ஸ் கிராஃப் ஒரு வரிக்கு 10 பைட், மொத்தம் 120 எம்பி, பரவாயில்ல. 11-க்குப் போனா 1,01,89,97,864 கிராஃப், வரிக்கு 12 பைட், 12 ஜிபிக்கு மேல. அதனால ஃபைலா சேத்து வைக்காம பைப் போட்டு அடுத்த புரோகிராமுக்கு நேரா அனுப்புங்க, இல்லைன்னா துண்டு போடுங்க: கடைசில '0/100'னு குடுத்தா நூறுல ஒரு துண்டு மட்டும் வரும், 99/100 வரைக்கும் கோர் கோரா பிரிச்சு ஓட்டலாம், துண்டுகள் ஒரே அளவுல இருக்காது ஆனா கூட்டினா மொத்தம் சரியா வந்தாகணும், வரலைன்னா ஏதோ ஒரு துண்டு நடுவுல நின்னுருக்கு.

உங்க சொந்த சி கோட்ல சேக்கணும்னா ஜிசிசி கமாண்ட்ல உங்க ஃபைல் முதல்ல, 'நாட்டி.ஏ' (பில்ட் ஆன லைப்ரரி) அதுக்கு அப்புறம், மாத்திப் போட்டா 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'னு வரிசையா கொட்டும். த்ரெட் வச்சு ஓட்டறவங்க '--எனேபிள்-டிஎல்எஸ்' குடுத்து மறுபடி பில்ட் பண்ணிக்கோங்க. 'நாட்டி_செக்' ஃபங்ஷனை மெயின் ஆரம்பத்துலயே ஒரு தடவை கூப்பிட்டு வைங்க, உங்க கோடும் லைப்ரரியும் வேற வேற வேர்ட் சைஸ்ல (ஒரு வேர்டுக்கு எத்தனை பிட்) கம்பைல் ஆகியிருந்தா ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அது நிறுத்திடும்.