‘பரவாயில்லை டாக்டர்’ என்று தொடங்காதீர்கள்

இங்கிலாந்துக்கு வந்த வாரத்திலேயே வீட்டருகே உள்ள ஜி.பி. சர்ஜரியில், அதாவது பொது மருத்துவரின் கிளினிக்கில், பதிந்துகொள்ளுங்கள் (சர்ஜரி என்ற பெயரைப் பார்த்து அறுவை சிகிச்சை என்று பயப்பட வேண்டாம்). பதியக் கட்டணம் கிடையாது, முகவரிச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பவும் கூடாது. ஊரில் செய்வதுபோல் நேராகச் சிறப்பு மருத்துவரிடம் போய் நிற்க முடியாது, ஜி.பி. எழுதி அனுப்பினால்தான் உண்டு.

என் தங்கை முதுகலை படிக்க ஈஸ்ட் ஹாமுக்கு வந்தபோது அவளுக்கு வயது 23. மாதவிடாய் நாட்களில் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பாள். ஐந்து மாதங்களில் நான்கு முறை ஜி.பி.யிடம் போனாள், ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர். ‘சின்ன வயதுதானே, தேர்வுப் பதற்றமாக இருக்கும்’ என்று பாராசிட்டமால் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். விசாவுக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் செலுத்தியவளுக்கு, கடையில் ஒரு பவுண்டுக்குள் கிடைக்கும் மாத்திரை! அம்மாவோ தொலைபேசியில், கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்.

அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் செயலியில் அவளுடைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். நான்கு வருகைகளுக்கும் ‘லேசான வலி’ என்றே எழுதியிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவுடன், வீட்டில் பழக்கியபடி, ‘பரவாயில்லை டாக்டர்’ என்றுதான் அவள் பேச்சைத் தொடங்கியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதற்குமேல் ஒன்றும் விசாரிக்காதது அவர்களுடைய குற்றம்.

ஆகவே, ‘மாதத்தில் மூன்று நாள் வகுப்புக்குப் போக முடியவில்லை, இதே வலிக்காக நான்காவது முறையாக வருகிறேன்’ என்று கணக்கோடு சொல்லுங்கள். மூன்று முறை வந்தும் குணமாகாதவரின் நிலையைப் புதிதாக ஆராய வேண்டும் என்று ஜி.பி.க்களைக் கேட்டுக்கொள்ளும் ‘ஜெஸ் விதி’ 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. சுமார் 20 முறை மருத்துவரை நாடியும், புற்றுநோய் முற்றிய பிறகே அது கண்டறியப்பட்டு, 2020இல் தமது 27ஆவது வயதில் இறந்த ஜெசிக்கா பிரேடியின் நினைவாக வந்த விதி அது.

‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்றாலும் எழுந்து வந்துவிடாதீர்கள். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் மாதவிடாய் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். ஸ்கேன் சரியாக இருப்பதை வைத்து அந்நோய் இல்லையென்று ஒதுக்கக் கூடாது என்பது மருத்துவர்களுக்குச் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசம். கணவரையோ மாமாவையோ பேசவிட்டால் வலி இன்னும் பாதியாகக் குறைந்துதான் மருத்துவரின் காதுக்குப் போகும்.

ஐந்தாவது முறை நாட்களையும் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்து நானும் உடன் போனேன். படித்துப் பார்த்த மருத்துவர், சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் தட்டச்சு செய்துகொண்டே, ‘இதை முன்பே சொல்லியிருக்கலாமே’ என்றார். ‘யாரும் கேட்கவேயில்லையே அக்கா’ என்று தங்கை தமிழில் முணுமுணுத்தாள்.