துலும் இடிபாடுகளும் அக்குமால் ஆமைகளும்: ஒரு நாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் கான்கூனுக்குப் போகிறவர்கள் பலரும் ஒரு நாளை இப்படி ஒதுக்குகிறார்கள்: காலையில் மாயா நகரமான துலும், மதியம் அக்குமால் விரிகுடாவில் ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுவிடும் குழாயும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது). அருமையான சேர்க்கை. அன்றைய துலும் மக்கள் கடல் வணிகர்கள். கரைக்கு எதிரே ஓடும் பவளத்திட்டில் ஓர் இடைவெளி உண்டு. அதன் வழியே படகுகள் பத்திரமாகக் கரைசேர, பாறை உச்சியில் நிற்கும் எல் காஸ்தியோ கட்டடம் அடையாளமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். மதியம் நீங்கள் மிதக்கப்போவதும் இதே கரையோரப் பவளத்திட்டுக்கு உட்புறம்தான். மெக்சிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நீளும் திட்டு அது.

இந்தத் தொடர்பைச் சொல்லத் தெரியாத கைடோடு போவதுதான் பெரிய தவறு என்பேன். விலையை மட்டும் பார்த்துப் பதிவு செய்தால், துலுமில் முக்கால் மணி நேரம், அப்புறம் ஒரு செனோட்டே (சுண்ணாம்புப் பாறை இடிந்து உருவான நன்னீர்க் குளம்), ஒரு கடைத்தெரு, கடைசியில் கடல் என்று நாளைத் துண்டு துண்டாக்கிவிடுவார்கள். இடிபாடுகளுக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அங்கே சுவரோவியங்கள் உள்ள ஓவியக் கோவிலுக்குள் நுழைய முடியாது. வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். விளக்க ஆள் இல்லையென்றால் அது வெறும் கல்லாகத்தான் தெரியும்.

அடுத்தது நேரம். துலும் கான்கூனிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தாமதமாகக் கிளம்பினால், உச்சி வெயிலில், நிழல் குறைவான அந்த வெளியில், பேருந்துக் கூட்டத்தோடு நிற்க வேண்டியதுதான். காலை எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போதே அங்கே இருங்கள். துலுமுக்குப் பதிலாக சீச்சென் இட்சா என்ற இன்னொரு மாயா நகரத்தைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அது யுகத்தான் மாநிலத்தில் இருக்கிறது, அங்கே கடிகாரம் கான்கூனைவிட ஒரு மணி நேரம் பின்னால்.

இந்த இரட்டைப் பயணத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. காலை வெயிலுக்காக உடம்பெல்லாம் சன்ஸ்க்ரீன் பூசிக்கொள்வோம். மதியம் அதோடே கடலில் இறங்குவோம். அதிலுள்ள ஆக்ஸிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கேடு. அக்குமாலிலும் பல செனோட்டேக்களிலும் சன்ஸ்க்ரீனோடு இறங்க விடமாட்டார்கள். ‘பவளத்துக்குப் பாதுகாப்பானது’ என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை நம்பிவிட வேண்டாம். முழுக்கை நீச்சல் சட்டையைக் காலையிலேயே அணிந்து, தலைக்குத் தொப்பி வைத்துக்கொண்டால் கிரீமுக்கான தேவையே பெரும்பாலும் போய்விடும்.

அக்குமால் விரிகுடா 2016 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி. அங்குள்ள பேராமைகள் கடற்புல்லை மேய வருகின்றன. அவை நுரையீரலால் சுவாசிப்பவை. அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். படம் எடுக்கும் ஆசையில் பத்துப் பேர் தலைக்கு மேலே சூழ்ந்து மிதந்தால் அந்த ஆமை எங்கே போய் மூச்சு விடும்? தொடாதீர்கள், துரத்தாதீர்கள், வழியை மறிக்காதீர்கள். களைப்பாக இருந்தால் மல்லாந்து மிதங்கள். புல் மேலோ பவளத்தின் மேலோ காலூன்ற வேண்டாம். அனுமதி பெற்ற கைடா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. அதைக் கூச்சப்பட்டு மறைப்பது ஆபத்து. பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சிறிய குழுவில் சேர்ப்பார்களா என்று கேட்கலாம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். ஆனால் ஸ்நார்க்கல் குழாய் வழியாக வாயால் மட்டும் மூச்சு விடும் பழக்கத்தை அது தராது. இடுப்பளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் பழகுங்கள். மீசை அடர்த்தியாக இருந்தால் மாஸ்க்கின் கீழ்விளிம்பு வழியாகத் தண்ணீர் கசியும். பயந்துவிடாமல் தலையைத் தூக்கி வடித்துவிட்டால் போதும்.

கடல் நாம் நினைத்தபடி எப்போதும் இருப்பதில்லை. ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை சர்காசம் என்ற மிதக்கும் பழுப்புக் கடற்பாசி கரையில் குவியலாம். குளிர்காலத்தில் வடக்குக் காற்று கடலைக் கலக்கிவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். கடலில் இறங்கத் தடை விதித்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது செனோட்டேக்கு மாற்றிவிடுவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணங்கள் தொகையில் சேர்ந்தவையா என்பதையும் அப்போதே கேளுங்கள். துலுமில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டணம் உண்டு.