மெல்லிய உலோகப் பூச்சும் காப்புரிமை வழக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் யூகலிப்டஸ் தைலத்தைப் புட்டியில் அடைத்து விற்கும் ஒருவர், தங்க நிறம் மினுங்கும் பிளாஸ்டிக் மூடிகளைச் சமவெளியிலிருந்து வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த உலோகப் பூச்சு தங்கள் காப்புரிமையை மீறுவதாக வக்கீல் நோட்டீஸ் வந்தால், 'மூடியைச் செய்தவர் வேறொருவர்தானே' என்று ஒதுங்கிவிட முடியாது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 48ஆவது பிரிவில் தயாரிப்பதை மட்டுமன்றிப் பயன்படுத்துவதையும் விற்பதையும் தடுக்கிறது. அதே சமயம், இரண்டு மூடிகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு மீறலை ஒப்புக்கொண்டு பதில் எழுதுவதும் தவறு. தோற்றத்தைக் காப்பது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம்; காப்புரிமையிலோ, எதற்கு உரிமை என்பதை வரையறுக்கும் 'கிளெய்ம்' எனப்படும் உரிமைக்கோரலில் எழுதப்பட்ட கூறுகள் நம் பொருளில் உள்ளனவா என்பதே கேள்வி.

இவ்வகை வழக்குகளில் மிகுதியாகச் சறுக்குவது தடிமன் கணக்கில்தான். வெற்றிடக் கலத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் அலுமினியம் பெரும்பாலும் 0.1 மைக்ரான் அளவிலேயே இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கு அடியிலும் மேலிலும் பூசும் அரக்கு பல மைக்ரான் வரும். மூன்றையும் சேர்த்து அளந்துவிட்டு, உரிமைக்கோரலில் உள்ள உலோகப் படலத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் கிடைக்கும் முடிவுக்குப் பொருளே இல்லை. மேலும், உலோக ஆவி நேர்கோட்டில் செல்வதால் மூடியின் உச்சியில் படிவதைவிடப் பள்ளங்களிலும் மறைவான ஓரங்களிலும் படிவது மெலிதாக இருக்கும். எந்த இடத்தில், எந்த முறையில் அளந்தது என்று எழுதாத ஆய்வறிக்கை குறுக்கு விசாரணையில் நிற்காது. இண்டியம் போன்ற உலோகம் தொடர்ச்சியான படலமாகாமல் தனித்தனித் தீவுகளாகப் படியும்போது, தடிமனைவிட அந்த அமைப்பே வழக்கின் மையமாகிவிடக்கூடும்.

நோட்டீஸில் உள்ளது அமெரிக்கக் காப்புரிமை எண் மட்டுமா என்று பார்க்காமல் அஞ்சுவோரும் உண்டு. அந்த உரிமை இந்தியாவில் செல்லாது. இந்தியக் காப்புரிமையும் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளே, அதுவும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவந்தால்தான். வழங்கப்பட்டுவிட்டதாலேயே அது செல்லுபடியாகும் என்றும் பொருளல்ல. பாத்திரத் தயாரிப்பு முறை பற்றிய பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், பட்டறை அளவிலான வெறும் மேம்பாடு கண்டுபிடிப்பாகாது என்று கூறி, காப்புரிமை செல்லாது என்றே தீர்ப்பளித்தது. எனவே எதிராளியின் விண்ணப்பத்துக்கு முன்பே அத்தகைய மூடி சந்தையில் இருந்ததைக் காட்டும் தேதியிட்ட பில்களையும் மாதிரிகளையும் எறிந்துவிடக் கூடாது. நீலகிரியின் ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்குமாதலால் நகலும் வேண்டும்.

புதிய பூச்சைக் கண்டுபிடித்தவர் செய்யும் தவறு வேறு: மே மாதச் சீசனில் ஊட்டிக் கடைவிரிப்பில் அதை வைத்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பது. முன்பே பொதுவில் காட்டியது புதுமையாகக் கருதப்படாது. காட்டிய பிறகும் விண்ணப்பிக்க 31ஆவது பிரிவு தரும் 12 மாதச் சலுகை, கண்காட்சிகளைப் பொறுத்தவரை மத்திய அரசு அறிவிக்கை செய்தவற்றுக்கே உரியது.

கடைசியாக, செலவுக் கணக்கு. மாவட்ட நீதிமன்ற வழக்கில் காப்புரிமையை ரத்து செய்யக் கோரி எதிர்வழக்குத் தொடுத்தால், 104ஆவது பிரிவின்படி முழு வழக்கும் உயர் நீதிமன்றத்துக்கு மாறும். ஊட்டி வக்கீலுக்கு மட்டும் பணம் ஒதுக்கி வைத்திருப்பவர் சென்னைச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.