ஈசிஜி தாளை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

ஈசிஜி தாள் கைக்கு வந்ததும் கண் நேராக எஸ்டி பகுதிக்கு, அதாவது துடிப்பின் கூரான அலைக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் இடையிலுள்ள கோட்டுக்கு, ஓடும். மாரடைப்பா இல்லையா என்ற பதற்றம் அப்படி. ஆனால் தாள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் அலையைப் பார்த்தால், வயரைத் தப்பாக மாட்டியதைக்கூட நோய் என்று எழுதிவிடுவோம். அதனால் தாள், துடிப்பின் வேகம், தாளகதி, இடைவெளிகள், கடைசியில் எஸ்டி என்ற வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

பெயர், வயது, தேதி, நேரம் பார்த்தபின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களுக்கு வாருங்கள். தாள் நகரும் வழக்கமான வேகம் நொடிக்கு 25 மி.மீ.; உயரம் 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. இதன்படி ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. பெட்டி போல நிற்கும் அளவுக்குறி இரண்டு பெரிய கட்டம் உயரம் இருக்க வேண்டும். யாராவது தாளின் வேகத்தை 50 ஆக மாற்றி வைத்திருந்தால் 80 துடிப்பு 40 போலத் தோன்றும். உயரத்தைப் பாதியாக வைத்திருந்தால் கீழறைச் சுவர் தடித்திருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

அடுத்தது எலக்ட்ரோடு ஒட்டிய இடம். கை கால்களில் நான்கும் மார்பில் ஆறுமாகப் பத்து எலக்ட்ரோடுகள். அவற்றிலிருந்து பன்னிரண்டு லீடுகள், அதாவது இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும் பதிவுகள். தொண்டைக்குழியிலிருந்து விரலை மெல்லக் கீழே இறக்குங்கள். மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் வந்து சேர்வது இரண்டாவது விலா. அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. இன்னும் இரண்டு இடைவெளி இறங்கினால் நான்காவது. அங்கே மார்பெலும்பின் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. ஐந்தாவது இடைவெளியில், காறையெலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் வி4. வி2-க்கும் அதற்கும் நடுவே வி3. வி4 இருக்கும் அதே மட்டத்தில் அக்குளின் முன்கோட்டில் வி5, நடுக்கோட்டில் வி6.

விலாவை எண்ணாமல் கண்ணளவில் ஒட்டினால் வி1, வி2 பெரும்பாலும் மேலே போய்விடும். அப்போது ஆர் அலை (ஒவ்வொரு துடிப்பிலும் மேல்நோக்கி நிற்கும் கூர்முனை) சிறுத்து, முன்சுவரில் பழைய மாரடைப்பு இருந்தது போன்ற தோற்றம் வரும்.

கை வயர்கள் இடம் மாறினால் லீட் 1 முழுவதும் தலைகீழாகும், ஏவிஆர் என்ற லீட் நிமிர்ந்து நிற்கும். இதயம் வலப்பக்கம் இருப்பவர்களுக்கும் லீட் 1 இப்படித்தான் வரும். வித்தியாசம் மார்பு லீடுகளில் தெரியும்: வயர் மாறியிருந்தால் வி1 முதல் வி5 வரை ஆர் அலை வழக்கம்போல வளரும்; இதயம் வலப்பக்கம் இருந்தால் வி6-ஐ நோக்கிச் செல்லச் செல்லச் சிறுக்கும். சந்தேகம் வந்தால் வயரைச் சரிபார்த்துத் திரும்ப எடுங்கள். ஒரு நிமிட வேலைதான். கோடு முழுவதும் நுண்ணிய ரம்பம் போல இருந்தால் மின் இரைச்சல். மேலும் கீழும் அலைந்தால் மூச்சோ, ஒட்டாத எலக்ட்ரோடோ காரணம். குளிரில் நடுங்குபவரைப் போர்வை போர்த்திய பிறகு பதிவு செய்யுங்கள்.

இதயத் துடிப்பின் வேகத்துக்கு, அடுத்தடுத்த இரண்டு ஆர் அலைகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதனால் வகுக்கவும். நான்கு கட்டம் என்றால் 75. துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். பத்து நொடித் தாளில் உள்ள கியூஆர்எஸ்களை (ஆர் அலை அடங்கிய கூரான அலைத்தொகுப்புகளை) எண்ணி ஆறால் பெருக்குங்கள்.

இயல்பான துடிப்பு வலது மேலறையின் சைனஸ் கணுவில் பிறந்து, மேலறைகளில் பரவி, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏவி கணுவில் சற்றுத் தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறையில் பரவுவது பி அலை, கீழறையில் பரவுவது கியூஆர்எஸ், கீழறை மீள்வது டி அலை. பி அலை லீட் 2-இல் நிமிர்ந்தும் ஏவிஆரில் தலைகீழாகவும் ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸுக்கும் முன் நின்றால் சைனஸ் தாளம். பி அலையே இல்லாமல் இடைவெளிகள் எந்த ஒழுங்கும் இன்றி மாறினால் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனை (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலையை) நினையுங்கள்.

பி அலை தொடங்குவதிலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் வரை உள்ள பிஆர் இடைவெளி மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம். கியூஆர்எஸ் மூன்று கட்டத்துக்குள். பிஆர் துடிப்புக்குத் துடிப்பு நீண்டு ஒரு கியூஆர்எஸ் விடுபட்டால் பெரும்பாலும் கண்காணித்தால் போதும். பிஆர் மாறாமல் இருக்கையில் திடீரென்று ஒன்று விடுபட்டால் ஆபத்து. துடிப்பு கீழறைக்கு இறங்குவது முழுவதும் அடைபட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

இப்போதுதான் எஸ்டி. கியூஆர்எஸ் முடியும் புள்ளியின் உயரத்தை அளந்து பாருங்கள். அருகருகே உள்ள இரண்டு லீடுகளில் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால் கவனிக்க வேண்டும். வி2, வி3-இல் மட்டும் வரம்பு வேறு: 40 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 2 மி.மீ., அதற்குக் கீழுள்ள ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5. லீட் 2, 3, ஏவிஎஃப் கீழ்ச்சுவர். வி1 முதல் வி4 வரை முன்சுவர். லீட் 1, ஏவிஎல், வி5, வி6 பக்கச்சுவர். கீழ்ச்சுவரில் உயரும்போது ஏவிஎல்-இல் தாழ்ந்திருந்தால் மாரடைப்பு என்ற சந்தேகம் வலுக்கும். அந்த நிலையில் வலப்பக்க மார்பிலும் எலக்ட்ரோடு ஒட்டிப் பாருங்கள். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட் மருந்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று வீழ்த்தும். வி1 முதல் வி3 வரை எஸ்டி தாழ்ந்து மட்டும் இருந்தால் பின்சுவர் மாரடைப்பாக இருக்கலாம். முதுகுப் பக்கம் வி7 முதல் வி9 வரை ஒட்டி எடுங்கள்.

டி அலை கூடாரம் போல உயர்ந்து குறுகியிருந்தால், குறிப்பாகச் சிறுநீரக நோயாளிக்கு, பொட்டாசியம் ஏறியிருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் தாள் இயல்பாக இருப்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. நெஞ்சுவலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி எடுங்கள். எலக்ட்ரோடுகளை அதே இடத்தில் ஒட்டி, பழைய ஈசிஜி இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.