உயில் எழுதுறது எப்படி? முதல் தடவை எழுதுறவங்களுக்கு

உயில்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் கேக்குறது "என்ன வார்த்தை போட்டு எழுதணும்?"னுதான். வார்த்தை ஒரு பிரச்சனையே இல்லங்க, உங்களுக்கு வர்ற பாஷையில தெளிவா எழுதினா போதும். மாட்டிக்கிறது வேற ரெண்டு இடத்துல: ஒண்ணு கையெழுத்து போடுற விதம், இன்னொண்ணு உயிலுக்குள்ளயே வராத சொத்தை உயில்ல எழுதி வைக்கிறது. அதனால அந்த ரெண்டையும்தான் விலாவாரியா சொல்லப்போறேன், மத்தது வேகமா போயிடும்.

ஸ்டெப் 1: சொத்து லிஸ்ட், ரெண்டு பக்கமா

ஒரு பேப்பர்ல நடுவுல கோடு போட்டுக்கோங்க. இடது பக்கம் உங்க பேர்ல மட்டும் இருக்குறது, அதாவது வீடு, நிலம், நகை, டெபாசிட், ஷேர், வண்டி. வலது பக்கம் உயில் தொட முடியாதது. இந்த வலது பக்கத்தைத்தான் யாருமே யோசிக்கிறதில்ல.

உதாரணத்துக்கு சிங்கப்பூர்ல சிபிஎஃப் (நம்ம ஊரு பி.எஃப் மாதிரி சேமிப்பு) பணம் உயில் வழியா போகாது, தனியா நாமினேஷன் போடணும், யார் பேரைப் போட்டீங்களோ அவங்களுக்குத்தான் அந்தப் பணம். இந்தியாவுல கதை தலைகீழ், பேங்க் டெபாசிட்டுக்கு போட்ட நாமினி பணத்தை வாங்கிக்கிற ஆள் மட்டும்தான், அது யாருக்குச் சொந்தம்னு உயிலோ வாரிசுச் சட்டமோதான் சொல்லும். ஷேர் விஷயத்துலயும் நாமினி ஓனர் ஆயிட முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2023 டிசம்பர்ல சொல்லிடுச்சு. இங்கிலாந்து, சிங்கப்பூர்ல புருஷன் பொண்டாட்டி 'ஜாயின்ட் டெனன்சி'னு வீடு வாங்கியிருந்தா, ஒருத்தர் போனதும் முழு வீடும் இன்னொருத்தருக்குத் தானா போயிடும், உங்க பாதியை தம்பிக்குன்னு உயில்ல எழுதியிருந்தாலும் செல்லாது. அதனால ஒவ்வொரு சொத்துக்கும் பத்திரத்தையும் நாமினி ஃபார்மையும் கையில எடுத்துப் பாத்துட்டு எழுதுங்க, ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க.

கடனையும் அதே பேப்பர்ல எழுதுங்க. கடன் அடைச்சது போக மிச்சம்தான் பங்குக்கு வரும்.

ஸ்டெப் 2: யாருக்கு, எவ்வளவு

முதல்ல உங்க நாட்டுல முழு சொத்தையும் இஷ்டப்படி எழுத முடியுமான்னு பாத்துக்கோங்க. பிரான்ஸ்ல ஒரு குழந்தை இருந்தா பாதி சொத்து, ரெண்டு இருந்தா மூணுல ரெண்டு பங்கு, மூணும் அதுக்கு மேலயும் இருந்தா முக்கால் பங்கு பிள்ளைங்களுக்கு ஒதுக்கினது, அதுல கை வைக்க முடியாது. இஸ்லாமியச் சட்டத்துலயும் பொதுவா மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது.

அடுத்து, தனித்தனி பொருளா பிரிச்சு எழுதுறதுல ஒரு கண்ணி இருக்கு. வீடு மூத்தவளுக்கு, பேங்க் பணம் சின்னவனுக்குன்னு எழுதுறீங்க, ரெண்டும் சமமான மதிப்புன்னு வெச்சுப்போம். அஞ்சு வருஷம் கழிச்சு வீட்டை வித்து அந்தக் காசை பேங்க்ல போடுறீங்க, உயிலை மாத்த மறந்துடுறீங்க. இப்போ வீடே இல்ல, அதனால மூத்தவளுக்கு எழுதினது காலாவதி, பணம் மொத்தமும் சின்னவனுக்கு! நீங்க சமமா குடுக்கணும்னுதான் நினைச்சீங்க, ஆனா உயில் அப்படி படிக்காது. முடிஞ்ச வரைக்கும் பங்கா எழுதுங்க, "மொத்தத்துல பாதி"ங்கிற மாதிரி. பாட்டி நகை மாதிரி மனசுக்கு நெருக்கமான பொருளை மட்டும் தனியா குறிப்பிட்டா போதும்.

ரெண்டு வரி கண்டிப்பா இருக்கணும். ஒண்ணு, "மேல சொல்லாத எல்லா சொத்தும் இன்னாருக்கு", இது இல்லன்னா பின்னாடி வாங்கின சொத்தெல்லாம் உயில் இல்லாத மாதிரியே பிரியும். இன்னொண்ணு, பங்கு வாங்க வேண்டியவர் உங்களுக்கு முன்னாடியே போயிட்டா அந்தப் பங்கு யாருக்குன்னு.

ஸ்டெப் 3: எக்ஸிக்யூட்டர், கார்டியன்

உயிலை நிறைவேத்துறவர்தான் எக்ஸிக்யூட்டர். பேங்க், வரி, கோர்ட்னு அலையுற வேலை, அதனால பாசத்தைப் பாக்காம பேப்பர் வேலைக்கு சோம்பல்படாத ஆளா பாருங்க, உங்களை விட வயசு கம்மியா இருந்தா இன்னும் நல்லது. பங்கு வாங்குறவரே எக்ஸிக்யூட்டரா இருக்கலாம், தப்பில்ல. மாற்று ஆள் ஒருத்தர் பேரும் போடுங்க. சின்னப் பிள்ளைங்க இருந்தா கார்டியன் பேர். ரெண்டு பேர்கிட்டயும் முன்கூட்டியே கேட்டுடுங்க, முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு.

ஸ்டெப் 4: கையெழுத்து

இங்கதான் நிதானமா இருக்கணும். இந்தியா, இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா எல்லாத்துலயும் குறைஞ்சது ரெண்டு சாட்சி வேணும். இலங்கையில நோட்டரி கூட ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லன்னா அஞ்சு சாட்சி. பிரான்ஸ், ஜெர்மனியில சாட்சியே இல்லாம எழுதலாம், ஆனா முழுக்க உங்க கையால எழுதியிருக்கணும், டைப் அடிச்சு கையெழுத்து மட்டும் போட்டா செல்லாது. இதனாலதான் நெட்ல கிடைக்கிற ஏதோ ஒரு நாட்டு ஃபார்மை எடுத்து நிரப்பாதீங்கன்னு சொல்றது.

சாட்சி வேணுங்கிற நாட்டுல நான் சொல்ற பாதுகாப்பான வழி இது: நீங்களும் சாட்சிங்களும் ஒரே ரூம்ல உக்காருங்க, நீங்க அவங்க கண்ணு முன்னாடி போடுங்க, அப்புறம் அவங்க உங்க கண்ணு முன்னாடி போடட்டும், நடுவுல யாரும் எழுந்து போக வேணாம். எல்லா பக்கத்துலயும் கையெழுத்து, கடைசியில தேதி. சாட்சிங்க உயிலைப் படிக்கத் தேவையில்ல. பங்கு வாங்குறவரையும் அவரோட புருஷன் இல்ல பொண்டாட்டியையும் சாட்சியா வைக்கவே வைக்காதீங்க, இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியாவுல அப்படி வெச்சா உயில் நிக்கும் ஆனா அவருக்கு எழுதின பங்கு போயிடும்.

வயசானவங்க, உடம்பு முடியாதவங்க எழுதுறாங்கன்னா, அன்னைக்கு தெளிவா இருக்காங்கன்னு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடுங்க. "நினைவே இல்லாதப்ப எழுதி வாங்கிட்டாங்க"ங்கிறதுதான் சண்டையில முதல்ல வர்ற வார்த்தை. இந்தியாவுல உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்ல, பதிவு பண்றதும் கட்டாயம் இல்ல, ஆனா பங்கு வாங்குறவங்களுக்குள்ள சண்டை வரும்னு தோணுச்சுன்னா பதிவு பண்ணிடுறதுதான் என் கட்சி.

ஸ்டெப் 5: பத்திரமா வைக்கிறது, மாத்துறது

ஒரிஜினல் எங்க இருக்குன்னு எக்ஸிக்யூட்டருக்குத் தெரியணும். உங்க பேர்ல மட்டும் இருக்குற லாக்கர்ல வைக்காதீங்க, லாக்கரைத் திறக்க உயில் வேணும், உயில் லாக்கருக்குள்ள இருக்கும். பாஸ்வேர்டையும் உயில்ல எழுத வேணாம், இங்கிலாந்து மாதிரி இடத்துல புரோபேட் ஆன, அதாவது கோர்ட்ல செல்லும்னு உறுதியான உயிலை யார் வேணா காப்பி வாங்கலாம். உங்களுக்கு அப்புறம் அக்கவுன்ட்டை யார் பாக்கலாம்னு சொல்லி வைக்க, கூகுள்ல 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்', ஆப்பிள்ல 'லெகசி கான்டாக்ட்'னு செட்டிங்ஸ்லயே இருக்கு, போட்டு வைங்க.

மாத்தணும்னா பேனாவால அடிச்சுத் திருத்தாதீங்க, புதுசா எழுதி, "முந்தின உயில் எல்லாம் ரத்து"ன்னு முதல் வரியில போட்டு, மறுபடி அதே மாதிரி சாட்சியோட கையெழுத்து. முக்கியமா கல்யாணம்: இங்கிலாந்து, சிங்கப்பூர்ல கல்யாணம் ஆனாலே பொதுவா பழைய உயில் ரத்து, இந்தியாவுல இந்துக்களுக்கு அப்படி ரத்தாகாது. ரெண்டுல எதுவா இருந்தாலும் கல்யாணம், டைவர்ஸ், குழந்தை, வீடு விக்கிறது வாங்குறது, இதுல எது நடந்தாலும் அந்த ரெண்டு பக்க லிஸ்டை எடுத்து வெச்சுக்கிட்டு உயிலையும் நாமினியையும் சேத்தே மாத்துங்க. வெளிநாட்டுலயும் சொத்து இருக்குறவங்க மட்டும் தானா எழுதாம வக்கீலைப் பாருங்க, ஏன்னா அங்க ஒரு உயில் இங்க ஒரு உயில்னு எழுதும்போது, இப்போ சொன்ன அந்த "முந்தின உயில் எல்லாம் ரத்து" வரியே இன்னொரு நாட்டு உயிலைக் காலி பண்ணிடும்.